மதில்மேல் வைத்த சோறு

ஓசூர்
18-4-1988

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா செல்வம்மாள் அவர்களுக்கு, சாந்தம்மா வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்த வெயிலிலும் பால்வாடிக்கு நடந்துதான் போகிறீர்களா?

எழுத வேண்டாம் என்றுதான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. உங்கள் மகள் மாதேஸ்வரி என் வீட்டுப் பின்தோட்டத்தைப் பறவைகளுக்குச் சத்திரமாக்கிவிட்டாள். காலையில் எழுந்ததும் கொய்யா மரத்தடியில் தட்டு நிறையச் சோறு வைக்கிறாள். மண்சட்டியில் தண்ணீர் வேறு. காக்கை, மைனா, சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவிக் கூட்டம், பேர் தெரியாத இன்னும் நாலைந்து. அவை போடுகிற கூச்சலில் ரேடியோ கேட்க முடியவில்லை. கொடியில் காயும் துணியெல்லாம் எச்சம். ஒரு கொய்யா முழுசாகக் கைக்கு வருவதில்லை.

அவை தின்று முடிக்கிறவரை அவளும் அந்த இடத்தை விட்டு நகருவதில்லை. “காக்காய்க்கு அமாவாசைக்கு வெச்சா போதாதாம்மா? தெனமும் வெக்கிறது எந்த ஊரு வழக்கம்?” என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி ஒரு மைனாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பெற்றவள் நீங்கள். புத்தி சொல்லி எழுதுங்கள். என் வாயால் சொன்னால் மாமியார் கொடுமை என்று ஆகிவிடும்.

சாந்தம்மா

---

ஊத்தங்கரை
27-4-1988

சம்பந்தியம்மாவுக்கு, செல்வம்மாள் வணக்கம். என் முழங்காலை விசாரித்ததற்குச் சந்தோஷம். அது வலிக்கிறது, நான் நடக்கிறேன், இரண்டுக்கும் பழகிவிட்டது. உங்களுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தவறாமல் கிடைக்கிறதா?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் மகளைப் பற்றித்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் காட்டில் கேழ்வரகு முற்றும் நாளில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு குருவி விரட்டியவள் அவள். அவள் வீசிய கவண் கல்லுக்குப் பயந்து கிளிகள் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். அவளா பறவைக்குத் தட்டு வைக்கிறாள்? உங்கள் வீட்டுக் காற்று என்னவோ செய்துவிட்டது.

ஒரு கை சோற்றுக்காக எனக்கு இன்லண்டு லெட்டர் எழுதுகிறீர்கள். பரவாயில்லை, இதைச் சாக்காக வைத்தாவது எழுதினீர்கள். நான் அவளுக்குப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதிலில்லை. உங்கள் கடிதத்தில் காக்கை இருக்கிறது, மைனா இருக்கிறது, மாப்பிள்ளை சின்னராஜைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. பொங்கலுக்கும் வரவில்லை. கம்பெனியில் வேலை எப்படி நடக்கிறது?

என் மகளைப் பேனா எடுக்கச் சொல்லுங்கள்.

செல்வம்மாள்

---

ஓசூர்
9-5-1988

சம்பந்தியம்மாவுக்கு சாந்தம்மா எழுதுவது. இங்கு நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மகள் கையை யாரும் கட்டிப்போடவில்லை. எழுத அவளுக்கு நேரமில்லை, பறவை பார்ப்பதே முழுநேர வேலை. இங்கே குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிறது. நான் இந்த வயதில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் சண்டை போட்டுக் கொண்டுவருகிறேன். அந்தத் தண்ணீரில் மைனா இறங்கிக் குளிக்கிறது. அவள் வாயில் சிரிப்பு வருவதே அப்போதுதான்.

பக்கத்து வீட்டு நஞ்சம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “யாரோட சோறு சாந்தம்மா இது? தெனமும் தட்டு தட்டா வருதே” என்று கேட்கிறாள். என் மானம் போகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சின்னராஜுக்கு நைட் ஷிப்டு, அதோடு ஓவர்டைமும் உண்டு. கம்பெனியில் ஆள் குறைவு. வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகப்போகிறது. வயிற்றில் ஒன்று தங்கியிருந்தால் அவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? இதையும் யோசித்துப் பாருங்கள்.

சாந்தம்மா

---

ஊத்தங்கரை
17-5-1988

சம்பந்தியம்மாவுக்கு. நலம். நலமா?

என் மகள் வயிற்றைப் பற்றி எழுதினீர்கள். அது ஒரு ஆள் பாடு இல்லை என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் ஒன்று பெற்றவர்தான். வருஷம் முழுக்க நைட் ஷிப்டு போடும் கம்பெனி எது என்று விசாரிக்கிறேன்.

இதைப் போலவே இனிமேலும் உங்களுக்கு நான் கார்டில்தான் எழுதுவேன். உங்கள் தெரு தபால்காரரும் படிக்கட்டும்.

செல்வம்மாள்

---

ஓசூர்
4-6-1988

செல்வம்மாளுக்கு சாந்தம்மா எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

நீங்கள் நினைத்தது நடந்தது. தபால்காரர் முனிவேல் கார்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக வாசலில் நின்று மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவர், அன்றைக்கு, “இல்லம்மா, நேரமாச்சு” என்று சைக்கிளை மிதித்துவிட்டார்.

நானும் ஒன்று செய்தேன். ஆள் வைத்துக் கொய்யா மரத்தை வெட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் வைத்த மரம்தான். அவர் இருந்தால் என்னை அடித்திருப்பார். மரம் இல்லாவிட்டால் பறவை எங்கே உட்காரும் என்று பார்த்தேன். மரம் விழும்போது உங்கள் மகள் அழவில்லை, தடுக்கவுமில்லை. அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலை தட்டை எடுத்துக்கொண்டு போய் மதில்மேல் வைத்துவிட்டாள். முன்பு தோட்டத்துக்குள் நடந்தது இப்போது தெருவுக்கே தெரிகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கின்றன.

அவளை இரண்டு மாதம் அழைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத நினைத்தேன். எழுத மாட்டேன். நான் துரத்தினேன் என்று கார்டு போடுவீர்கள்.

சாந்தம்மா

---

ஊத்தங்கரை
25-6-1988

சம்பந்தியம்மாவுக்கு, செல்வம்மாள் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்வது முறை. இதைக் கார்டில் எழுதவில்லை. எழுதினால் உங்கள் மானத்தோடு என்னுடையதும் போகும்.

நேற்று முன்தினம் நான் வந்தபோது நீங்கள் குழாயடியில் இருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாமல் நான் பார்த்ததையும் பேசியதையும் எழுதுகிறேன். அப்புறம் என் மகளை மிரட்டி விஷயத்தை வாங்க வேண்டியதில்லை.

மாதேஸ்வரி மதிலோரம் நின்றிருந்தாள். நான் வந்ததைப் பார்த்து ஓடி வரவில்லை. “வந்தியாம்மா? செத்த உக்காரு. இதுங்க சாப்பிடட்டும்” என்றாள். மதில்மேல் பெரிய சில்வர் தட்டு. பிசையாத சோறு, ஓரத்தில் அவரைக்காய்க் குழம்பு, மேலே நெய், அப்பளம்கூட இருந்தது. காக்கைகள் முதலில் வந்தன. அவை நகர்ந்ததும் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு மொத்தமாக இறங்கின. நெய் ஊற்றிய சோற்றைக் காக்கைக்கு யார் வைப்பார்கள்?

“யாரு சோறுடி இது?” என்றேன்.

“அவருதும்மா.”

“அவரு ஏன் திங்கல?”

“அவரு வந்தாத்தானே? தை மாசத்துல இருந்து வரல. அத்திப்பள்ளில இருக்காரு.”

“அப்புறம் எதுக்கு அவருக்கு ஆக்கற?”

“அத்த ஆக்கச் சொல்றாங்க. ராத்திரி தட்டு போட்டு மூடி வெக்கணும். நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து சாப்பிடறாருன்னு தெருவுல சொல்லி வெச்சிருக்காங்க. காலைல அந்தத் தட்டத்தான் இங்க கொண்டாந்து வெக்கிறேன்.”

ஐந்து மாதமாக உங்கள் மகன் வீட்டில் இல்லை. இதை மறைத்து எனக்குக் கொய்யாப் பழக் கணக்கும் துணி எச்சமும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

நீங்கள் வந்ததும் குடத்தைக்கூட இறக்கவில்லை. “சொல்லாம கொள்ளாம வந்து நின்னா எப்பிடி?” என்றீர்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் உங்கள் பக்கமும் பார்க்கவில்லை, என் பக்கமும் பார்க்கவில்லை. “நான் வரலம்மா” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். பெற்றவள் கூப்பிட்டு வராத அளவுக்கு அவளை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

செல்வம்மாள்

---

ஓசூர்
8-7-1988

செல்வம்மாளுக்கு சாந்தம்மா எழுதுவது. என் சௌக்கியத்தை இனி நீங்கள் விசாரிக்க வேண்டாம், நானும் விசாரிக்கப் போவதில்லை.

ஆமாம், மறைத்தேன். என் பிள்ளை இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று ஊர் ஊராகத் தண்டோரா போட எனக்கு வாய் வராது. தினமும் அவனுக்கு உலை வைக்கிறேன் என்றால் அவன் வருவான் என்ற நம்பிக்கையில் வைக்கிறேன். அரிசியை நிறுத்திவிட்டால் அவன் வரமாட்டான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். உங்கள் மகள் அந்தச் சோற்றை எடுத்துக்கொண்டு போய்க் காக்கைக்கு வைக்கிறாள். காக்கைக்குச் சோறு யாருக்காக வைப்போம் என்று உங்களுக்குத் தெரியாதா? உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்கு அவள் தினமும் பிண்டம் வைக்கிறாள். இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எனக்குப் பறவைமேல் என்ன பகை? அந்தத் தட்டின்மேல்தான்.

வெட்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நிச்சயதார்த்தத்தன்று என் தம்பி கோவிந்தப்பன் உங்களைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு என்ன சொன்னான்? “பையனுக்கு அத்திப்பள்ளில ஒரு பழக்கம் இருக்குது. பொண்ணக் கொடுக்கறதுக்கு முந்தி யோசிச்சுக்குங்க” என்று சொன்னான். நான் வேண்டாம் என்று தடுத்தும் அவன் சொன்னான். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? “ஆம்பளைங்க முன்னப்பின்ன இருப்பாங்க. ஒரு பொண்ணு வந்தா சரியாயிடும். கம்பெனி வேலை பர்மனென்ட்தானே?” இதுதான் உங்கள் பதில். அன்றைக்கு உங்கள் கண்ணுக்குக் கம்பெனி தெரிந்தது, மகள் தெரியவில்லை. நானும் நீங்களும் சேர்ந்துதான் அவளை இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டோம்.

இந்தக் கடிதத்தை உங்கள் மகளை எதிரே உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

சாந்தம்மா

---

ஊத்தங்கரை
21-10-1988

சம்பந்தியம்மாவுக்கு, செல்வம்மாள் வணக்கம். நான் நலம். முழங்காலுக்குக் கிருஷ்ணகிரி டாக்டரிடம் காட்டினேன். எண்ணெய் தேய்க்கச் சொன்னார். இந்தத் தடவை மழை பரவாயில்லை, கடலை பிடுங்கியாயிற்று. பால்வாடியில் பிள்ளைகள் கூடியதால் வேலை அதிகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

பழைய பேச்சை எடுப்பதில் யாருக்கும் லாபமில்லை.

தீபாவளி வருகிறது. மாதேஸ்வரியை நாலு நாள் முன்னதாகவே அனுப்பிவையுங்கள். மாப்பிள்ளை வராவிட்டாலும் பாதகமில்லை, ஷிப்டு என்று சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கு அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்திருக்கிறேன். பறவைகளுக்கு அந்த நாலு நாளும் நீங்கள் எதுவும் வைக்கமாட்டீர்கள் என்று தெரியும். அவள் கவலைப்படுவாள். அதற்காக அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

செல்வம்மாள்

---

ஓசூர்
27-10-1988

செல்வம்மாளுக்கு சாந்தம்மா அவசரமாக எழுதுவது. உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. மாதேஸ்வரி இங்கே இல்லை. அவள் உங்களிடம் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகாளய அமாவாசையன்று என் வீட்டுக்காரருக்குப் படைத்துவிட்டு மதில்மேல் சோறு வைத்தேன். ஒரு காக்கைகூட வரவில்லை. எல்லாம் அவள் தட்டில் தின்றுவிட்டு வயிறு நிரம்பி எதிர்வீட்டு ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். “புருசனையும் கொன்னுட்டேன், எம் மாமனாரையும் பட்டினி போட்டுட்டேன்னு ஊர்ல சொல்லிக்கிறேன், போதுமாத்தே?” என்று கேட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் பையை எடுத்துக்கொண்டு, “அம்மா ஊட்டுக்குப் போறேன்” என்று சொன்னாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எழுந்து வாசல்வரைகூட வரவில்லை.

சண்டையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். உடனே பஸ் ஏறுங்கள். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

சாந்தம்மா

---

ஓசூர்
20-11-1988

அம்மாவுக்கு மாதேஸ்வரி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் கால் இப்போது எப்படி இருக்கிறது?

நீயும் அத்தையும் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடி அலைந்ததை என்னோடு அறையில் இருக்கிற வஜிஹா பார்த்திருக்கிறாள். அவளுக்கு நீங்கள் யாரென்று அப்போது தெரியாது. ராத்திரி வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். “ரெண்டு அம்மாங்க. ஒருத்தர் கண்டக்டர் கண்டக்டரா போட்டோவ நீட்டறாங்க. இன்னொருத்தர் ‘அது கல்யாணத்துல எடுத்தது, இப்ப அவ எளைச்சுட்டா, கன்னத்துல எலும்பு தெரியும், அதைச் சொல்லு’ன்னு சண்டை போடறாங்க.” கேட்டுவிட்டு நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறேன். நாங்கள் மூன்று பெண்கள் ஓர் அறையில் இருக்கிறோம். அத்தை அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிய வாரமே நான் வேலைக்கு எழுதிப் போட்டேன்.

அன்றைக்கு நீ கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அவர் அத்திப்பள்ளியில் இருக்கிறார் என்று சொன்னேன். அங்கே யார் இருக்கிறார்கள், ஏன் போனார் என்று நீ கேட்கவில்லை. வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள். அப்போதே எனக்கு என்னவோ உறுத்தியது. அத்தை படித்துக் காட்டியபோதுதான் அது என்னவென்று தெரிந்தது.

பறவைகள்மேல் ஆசைப்பட்டு நான் சோறு வைக்க ஆரம்பிக்கவில்லை. முதல் நாள் கோபத்தில்தான் தட்டோடு கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் எனக்குச் செத்துவிட்டார் என்று நினைத்தே கொட்டினேன். அத்தை சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஆனால் அவை வந்து தின்றதைப் பார்த்தபோது எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்த வீட்டில் நான் ஆக்கியதை ஆசையாகத் தின்றவை அவைதான். தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் ஒன்றுக்குக் கால் வளைந்திருக்கும். மற்றவை அதை விட்டுவிட்டுப் பறக்காது. அது குதித்துக் குதித்து வந்து சேருகிறவரை மதிலில் காத்திருக்கும். காலையில் அதைப் பார்த்துவிட்டால் மீதி நாளை எப்படியோ ஓட்டிவிடுவேன்.

அத்தை மரத்தை வெட்டியபோது உச்சிக்கிளையில் கரிச்சான் கூடு இருந்தது. மூன்று முட்டை. இரண்டு பறவையும் வெட்டினவன் தலையைக் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் கரண்டுக் கம்பியில் போய் உட்கார்ந்துகொண்டன. அவரைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ, அந்த மரத்தை வெட்டியதை மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் அவரைக் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தேன். “ஊட்டுக்கு வரட்டுமா?” என்று கேட்டார். “எந்த ஊட்டுக்கு?” என்று கேட்டேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அத்தைக்குத் தனியாக எழுத நேரமில்லை. படித்துவிட்டு இதையே அவருக்கு அனுப்பு.

பதில் போடுவதானால் ஒன்றே ஒன்று எழுது. கோவிந்தப்பன் மாமா அன்றைக்குக் கிணற்றடியில் சொன்னாரா, இல்லையா? சொல்லவில்லை என்றால் பொங்கலுக்கு வருகிறேன். கம்பெனி விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

மாதேஸ்வரி

---

ஓசூர்
23-1-1989

அத்தைக்கு மாதேஸ்வரி எழுதுவது. நான் நலம். நீங்கள் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பனி அதிகமாக இருக்கிறது, குழாயடிக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கம்பெனி கேட்டில் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன என் துணிகள் கிடைத்தன. வாட்ச்மேன் உங்களை உட்காரச் சொல்லியும் நிற்காமல் போய்விட்டீர்களாம். என்மேல் கோபம் என்றால் சரி. வெட்கம் என்றால் அது வேண்டாம்.

அம்மாவிடமிருந்து கடிதம் வரவில்லை. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை.

உங்களை எனக்குப் பிடிக்காது. அதை எழுதிவிடுகிறேன். வயிற்றைச் சொன்னதும் மரத்தை வெட்டினதும் இந்த ஜன்மத்தில் மறக்காது. ஆனால் நீங்கள் பொய் சொன்னது தெருவுக்குத்தான். என்னிடம் கத்தினீர்கள், ஏசினீர்கள், பொய் சொல்லவில்லை. அவர் போன அன்றைக்கே எங்கே போயிருக்கிறார் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் நீங்கள் ஒருத்தர்தான்.

பக்கத்து வீட்டு நஞ்சம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன். நீங்கள் இப்போதும் அவருக்கு உலை வைக்கிறீர்கள் என்று சொன்னார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. மத்தியானம் சாப்பிட வருகிறேன், சாயங்காலமே திரும்பிவிடுவேன். இரண்டு தட்டு போடுங்கள். உள்ளே வரும்போது மூன்றாவது தட்டு இருந்தால் செருப்பைக் கழற்றமாட்டேன்.

மாதேஸ்வரி